ஒலிபரப்பும் ஊர்மேடையும்: இந்தியாவில் ஜாஸ் இசையின் வானொலி வரலாறு (1927–1978)

முன்னுரை

இசை வரலாறு எழுதப்படும்போது இசைத்தவரும் அவர் ஏறிய மேடையுமே பெரும்பாலும் முதன்மை பெறுகின்றனர். கேட்டவர் யார், எவ்வழியாகக் கேட்டார், கேட்டபின் என்ன செய்தார் என்னும் வினாக்கள் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. ஆயின் இருபதாம் நூற்றாண்டின் இசை வரலாற்றை இவ்வினாக்களைத் தவிர்த்து எழுத இயலாது. இசைத்தட்டும் வானொலியும் தோன்றிய பின்னர், பாடுவோரும் கேட்போரும் ஒரே கூரையின்கீழ் இருக்கவேண்டும் என்னும் பழைய நியதி தளர்ந்துவிட்டது.

இந்தியாவில் இத்தளர்ச்சியின் விளைவைத் தெளிவாகக் காட்டும் சான்றுகளுள் ஒன்று ஜாஸ் இசை. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சு நகரில், ஆப்பிரிக்க அமெரிக்க மக்களிடையே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் உருவான இவ்விசை, 1917-இல் முதன்முதலாக இசைத்தட்டில் பதிவாயிற்று. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் பம்பாயிலும் கல்கத்தாவிலும் அதற்கு மேடை அமைந்தது. உள்ளூர்க் கலைஞர்களும் தோன்றினர். அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்நாட்டில் வாசிக்கப்பட்டும் கேட்கப்பட்டும் வந்த இவ்விசைக்கு நம் இசை வரலாற்று நூல்களில் ஒதுக்கப்படும் இடம் மிகச் சிறிது.

அதற்குரிய காரணங்களுள் ஒன்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒரு கலை ஓர் ஊரில் வேரூன்றுவதற்கு அவ்வூரின் மேடையும் அவ்வூரின் ஒலிபரப்பும் ஒன்றையொன்று தாங்கவேண்டும். இந்தியாவில் ஜாஸுக்கு மேடை ஓரிடத்திலும் ஒலிபரப்பு வேறோரிடத்திலும் அமைந்தன. அதனால் நேயர்கள் தொலைநாட்டுக் கலைஞரின் பெயர்களை அறிந்தனர். தம் நகரத்துக் கலைஞரின் பெயர்கள் பதிவின்றி மறைந்தன. இக்கருத்தே இங்கு நிறுவப்படுகின்றது. 1927-இல் இந்திய ஒலிபரப்பு நிறுவனம் தொடங்கியது முதல் 1978-இல் முதல் ஜாஸ் யாத்ரா விழா நடந்தது வரையிலான காலம் ஆய்வெல்லையாகக் கொள்ளப்படுகின்றது. தேவை கருதிப் பிற்காலச் செய்திகளும் சுட்டப்படும்.

1. விடுதி மேடையும் தொடக்ககால வானொலியும்

இந்தியாவில் முறையான ஒலிபரப்பு 1927 சூலை 23-இல் பம்பாயிலும் அதே ஆண்டு ஆகஸ்டு 26-இல் கல்கத்தாவிலும் தொடங்கிற்று. அதற்கு முன்னரே, 1924-இல், சென்னையில் மாகாண வானொலிச் சங்கம் ஒன்று ஒலிபரப்பு நடத்தியுள்ளது என்பது நாமறிந்ததே. தனியார் முயற்சியான இந்திய ஒலிபரப்பு நிறுவனம் 1930-இல் மூடப்பட்டது. அப்போது நாடு முழுவதும் உரிமம் பெற்ற வானொலிப் பெட்டிகள் எட்டாயிரத்தை எட்டவில்லை. அவற்றை வைத்திருந்தோருள் ஐரோப்பியரும் வசதி படைத்த நகரத்தாருமே மிகுதி. ஆதலின் நிகழ்ச்சிகளும் இந்திய இசை, ஐரோப்பிய இசை என இரு கூறாகப் பகுக்கப்பட்டிருந்தன. 1936 சூன் 8-இல் 'ஆல் இந்தியா ரேடியோ' என்னும் பெயர் சூட்டப்பட்ட பின்னரும் இப்பகுப்பு நீடித்தது.

இக்காலத்தில் ஜாஸ் வாழ்ந்த இடம் பெருநகர விடுதியின் நடனக்கூடமாகும். 1935-இன் இறுதியில் ஆப்பிரிக்க அமெரிக்க வயலின் கலைஞர் லியோன் அபே தம் குழுவினருடன் பம்பாய்த் தாஜ்மகால் விடுதிக்கு வந்தார். அவரைத் தொடர்ந்து டிரம்பெட் கலைஞர் கிரிக்கெட் சுமித்தும் பியானோ கலைஞர் டெடி வெதர்போர்டும் இந்திய மேடைகளில் நிலைத்தனர். வெதர்போர்டு 1920களில் சிகாகோவில் எர்ஸ்கின் டேட்டின் குழுவில் லூயி ஆம்ஸ்ட்ராங்குடன் வாசித்தவர். பின்னர்ச் சாங்காயில் புகழ்பெற்றவர். இரண்டாம் உலகப் போரின்போது கல்கத்தாவின் கிராண்ட் விடுதியில் குழு நடத்திய அவர், 1945 ஏப்ரலில் அந்நகரிலேயே காலரா நோயால் மறைந்தார். அவர் குழுவில் பார்சி இனத்தவரான ரூடி காட்டன், பர்மாவிலிருந்து வந்த ரூபன் சாலமன், செட்ரிக் வெஸ்ட் போன்றோர் இருந்தனர். அவ்வகையில் அக்குழு ஒரு பயிற்சிக்கூடமாகவே இயங்கியது எனலாம்.

இங்கு அமெரிக்க நிலையோடு ஒப்பிட்டு நோக்குதல் தகும். நியூயார்க்கின் காட்டன் கிளப் என்னும் விடுதியில் 1927 திசம்பரில் வாசிக்கத் தொடங்கிய டியூக் எலிங்டனின் புகழ், அங்கிருந்து நடந்த வானொலி அஞ்சல் வழியாகவே நாடெங்கும் பரவிற்று. 1935 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிசின் பாலமார் கூடத்தில் பென்னி குட்மன் பெற்ற பெருவரவேற்பும் வானொலியால் விளைந்ததே. அதற்குச் சில மாதங்களுக்கு முன் வரை, வாரந்தோறும் இரவில் ஒலிபரப்பான நிகழ்ச்சியொன்றில் அவர் வாசித்துவந்தார். கிழக்குக் கரையில் நள்ளிரவு கடந்த அந்நேரம் மேற்குக் கரையில் இளைஞர் விழித்திருந்த நேரம். அவர்களே பாலமார் கூடத்தை நிறைத்தனர். ஒலிபரப்பு மேடைக்கு ஆள் சேர்த்தது. மேடை ஒலிபரப்புக்குப் பொருள் தந்தது.

அதே 1935-இல் அபே பம்பாய்க்கு வந்தார். இங்கு அத்தகைய நாடளாவிய வணிக ஒலிபரப்பு இல்லை. வானொலிப் பெட்டியும் சிலரிடமே இருந்தது. தாஜ்மகால் விடுதியின் கூடமோ ஐரோப்பியருக்கும் இந்தியச் செல்வர்க்கும் உரியது. கூடத்துக்கு வெளியே இருந்த நகரம் அவ்விசையைக் கேட்க இசைத்தட்டையே நம்பவேண்டியிருந்தது. வெதர்போர்டின் வாசிப்புச் சில கல்கத்தாவில் இசைத்தட்டாகப் பதிவானமையால்தான் இன்று நமக்கு எட்டுகின்றது. போர்க்காலத்தில் அமெரிக்கப் படையினருக்கெனக் கல்கத்தா முதலிய இடங்களில் தனி வானொலி நிலையங்கள் இயங்கின. அவை படையினரோடு வந்து, படையினரோடு சென்றன.

2. அரசு வானொலியின் இசைக்கொள்கை

வானொலி யாருடைய இசையைத் தன்னுடையதாகக் கொள்ளவேண்டும் என்னும் வினா ஜாஸுக்கு மட்டும் உரியதன்று. 1940களில் தமிழிசை இயக்கம் எழுந்தபோது, வானொலியில் தமிழ்ப் பாடல்களுக்குரிய பங்கு எவ்வளவு என்பதும் விவாதப் பொருளாயிற்று. 1940-இல் ஆர்மோனியம் வானொலி நிலையங்களிலிருந்து விலக்கப்பட்டது. அத்தடை தளர 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு கருவிக்கே முப்பதாண்டு இடமில்லாதிருந்த நிலையை நோக்கும்போது, ஒலிபரப்பாளரின் ஏற்பும் மறுப்பும் கலை வாழ்வில் எத்துணை ஆழமாக ஊடுருவின என்பது புலனாகும்.

விடுதலைக்குப் பின் 1952 முதல் 1962 வரை தகவல் ஒலிபரப்பு அமைச்சராக விளங்கிய பா. வி. கேஸ்கர், மரபிசையை மக்களிடம் சேர்ப்பதே வானொலியின் கடன் எனக் கருதினார். 1952 சூலையில் தேசிய இசை நிகழ்ச்சி தொடங்கப்பட்டது. கலைஞர்களைத் தரம்பிரிக்கும் தேர்வுமுறை வலுப்பெற்றது. அதே ஆண்டில் நிறுவப்பட்ட வானொலி வாத்திய விருந்தத்துக்கு இந்துஸ்தானி இசையில் ரவிசங்கரும் கருநாடக இசையில் டி. கே. ஜெயராம ஐயரும் வழிகாட்டினர். இவை அனைத்தும் மரபிசைக்குப் பெருந்துணையாயின என்பதை மறுக்கவியலாது. அரச அவைகளும் சமீன்களும் மறைந்த காலத்தில் இசைவாணர் பலருக்கு வானொலியே புரவலாக அமைந்தது.

இக்கொள்கையின் மறுபக்கம் விலக்கலாகும். திரைப்பாடல்கள் 1952-இல் வானொலியில் குறைக்கப்பட்டன. பின்னர்த் திரைத்துறையினரோடு ஏற்பட்ட பூசலால் ஏறத்தாழ மறைந்தன. நேயர்கள் இலங்கை வானொலியை நாடினர். போர்க்காலத்தில் தென்கிழக்காசியக் கட்டளையகம் கொழும்பில் நிறுவிய ஆற்றல்மிக்க ஒலிபரப்பியைப் பெற்றிருந்த அந்நிலையம், 1950-இல் வணிக ஒலிபரப்பைத் தொடங்கியிருந்தது. இந்தியிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அது பெற்ற செல்வாக்கைத் தமிழ் வாசகர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1957 அக்டோபர் 3-இல் 'விவித் பாரதி' தொடங்கப்பட்டது இவ்விழப்பை ஈடுசெய்யவே.

திரைப்பாடலுக்குக் கோடிக்கணக்கான நேயர் இருந்தனர்; அதனால் அரசு தன் நிலையை மாற்றிக்கொண்டது. ஜாஸுக்கு அத்தகைய பெருந்திரள் ஆதரவு இல்லை. பெருநகர நிலையங்களில் மேற்கத்திய இசைக்கென ஒதுக்கப்பட்ட நேரத்தில் அதற்கும் ஓரளவு இடமிருந்தது. ஆயினும் 'மேற்கத்திய இசை' என்னும் அத்தலைப்பே ஒரு முடிவை உள்ளடக்கியிருந்தது. கோவாவிலோ கல்கத்தாவிலோ பிறந்து அவ்விசையை வாசித்தவரும் அத்தலைப்பின்கீழ் அயலவரே ஆயினர். தேசிய இசை என்னும் சட்டகத்தில் அவருக்கு வகைப்பெயர் இல்லை.

3. சிற்றலை வழி வந்த பாடம்

உள்நாட்டு வானொலி விட்ட இடத்தை அயல்நாட்டுச் சிற்றலை நிரப்பிற்று. அமெரிக்க அரசின் 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா' 1955 சனவரியில் இசை நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கியது. அதனைத் தொகுத்து வழங்கியவர் வில்லிஸ் கானோவர். ஒரு பகுதி மெல்லிசைக்கும் மற்றொரு பகுதி ஜாஸுக்கும் உரியதாய் அமைந்தது. பில்லி ஸ்ட்ரேஹார்ன் இயற்றி எலிங்டன் குழு வாசித்த இசை அதன் அடையாள ஒலியாயிற்று. ஆங்கிலம் தாய்மொழியல்லாத நேயரை மனத்திற்கொண்டு, சொற்களைத் தனித்தனியே நிறுத்தி, மெதுவாகப் பேசுவது கானோவரின் முறை. இசைத்தவர் யார், கருவி எது, பதிவு நடந்த ஆண்டு யாது என்பனவற்றை அவர் தவறாது கூறினார். அதனால் அந்நிகழ்ச்சி கேட்போர்க்கு ஒரு பாடவகுப்பாகவும் பயன்பட்டது. 1996-இல் தாம் மறையும் காலம் வரை அவர் இப்பணியில் இருந்தார்.

இந்நிகழ்ச்சியின் வரலாற்றில் குறிப்பிடத்தக்க முரண் ஒன்றுண்டு. அயல்நாட்டார்க்கென ஆயத்தமாகும் அரசு நிகழ்ச்சிகளை அமெரிக்காவுக்குள் பரப்புவதை 1948-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தியது. அதனால் வார்சாவிலும் மாஸ்கோவிலும் பம்பாயிலும் அறியப்பட்ட கானோவரின் குரல் அவர் பிறந்த நாட்டில் பெரும்பாலோர்க்குத் தெரியாதிருந்தது. தன் ஊரில் கேட்கப்படாத ஒலிபரப்பாளர் ஒருவர், தம் ஊர் வானொலியில் போதிய இடம்பெறாத கலைஞர்க்கு ஆசிரியராய் அமைந்தார்.

இப்பாடம் எத்தகைய பயன் தந்தது என்பதை இசைநோக்கிலும் காணவேண்டும். ஜாஸின் உயிர்ப்பண்பு மனோதர்மமாகும். பாடலின் இசைக்கட்டமைப்பை அடிப்படையாகக் கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் கலைஞர் அந்நேரத்தில் தோன்றும் கற்பனையை வாசிக்கின்றார். தாள அழுத்தம் எதிர்பார்க்கும் இடத்தில் விழாது முன்னோ பின்னோ நகர்வது அதன் மற்றொரு பண்பு. கருநாடக இசை பயின்றோர்க்கு அதீத, அனாகத எடுப்புகளை நினைவூட்டக்கூடியது இது. இவ்விரண்டையும் இசைக்குறியீட்டுத் தாளிலிருந்து முழுமையாகக் கற்க இயலாது. கேட்டே கற்கவேண்டும். அச்சிட்ட தாள் கடல் கடந்து எளிதில் வந்தது. இசைத்தட்டோ விலை மிக்கது. இறக்குமதிக் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டது. இந்நிலையில், இரைச்சலும் மங்கலும் கலந்து வந்த சிற்றலை ஒலியே இக்கலையின் செவிவழிப் பாடமாக அமைந்தது.

எனினும் இப்பாடம் ஒருவழிப் பாதையே. கானோவரின் நிகழ்ச்சியால் இந்திய நேயர் நியூயார்க்கை அறிந்தனர். பம்பாயின் தோபி தலாவ் பகுதியிலோ கல்கத்தாவின் பார்க் தெருவிலோ அன்றிரவு வாசித்தவர் யார் என்பதை எந்தச் சிற்றலையும் அவர்களுக்குக் கூறவில்லை.

4. தூதுக்குழுக்களும் உள்ளூர்ச் சந்திப்புகளும்

ஒலியாக மட்டும் அறியப்பட்டோர் 1958 முதல் நேரிலும் வரத் தொடங்கினர். அமெரிக்க அரசு 1956-இல் ஜாஸ் கலைஞர்களைப் பண்பாட்டுத் தூதர்களாக அனுப்பத் தொடங்கியிருந்தது. பனிப்போர்க் காலத்தில் தன் நாட்டு நிறவேறுபாடு பற்றிய உலகக் கண்டனத்துக்கு விடையளிப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. அந்நோக்கத்தைக் கலைஞர்கள் அப்படியே ஏற்றுக்கொண்டனர் எனக் கூறவியலாது. லிட்டில் ராக் நகரில் கறுப்பின மாணவர்க்குப் பள்ளி மறுக்கப்பட்டபோது, 1957-இல் லூயி ஆம்ஸ்ட்ராங் சோவியத்துப் பயணத் திட்டத்திலிருந்து வெளிப்படையாக விலகியமை இதற்குச் சான்று.

டேவ் புருபெக்கின் நால்வர் குழு 1958-இல் போலந்து, துருக்கி முதலிய நாடுகளின் வழியே இந்தியாவுக்கு வந்தது. ராஜ்கோட், பம்பாய், சென்னை, கல்கத்தா முதலிய நகரங்களில் நிகழ்ச்சிகள் நடந்தன. பம்பாயில் சித்தார் கலைஞர் அப்துல் ஹலீம் ஜாபர் கானுடன் புருபெக் இசைத்தார். சென்னையில் அக்குழுவின் தாளக் கலைஞர் ஜோ மொரெல்லோ, மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையைச் சந்தித்து உடன் வாசித்தார். தனியாவர்த்தனத்தில் ஒரு காலப்பிரமாணத்தைப் பற்றிநின்றே கணக்கை விரிக்கும் மரபும், கோல்கொண்டு பல முழவங்களைக் கையாளும் மரபும் நேர்நின்ற தருணம் அது. அவ்வாண்டே வெளிவந்த புருபெக்கின் பயண இசைத்தொகுப்பில் கல்கத்தாவின் பெயர் தாங்கிய உருப்படி ஒன்று இடம்பெற்றது.

இத்தகைய சந்திப்புகளின் பயனை மிகைப்படுத்தலும் கூடாது. புருபெக்கின் பிற்கால உருப்படி ஒன்றில் காணப்படும் ஒன்பது எண்ணிக்கைத் தாளத்தின் தோற்றுவாயைத் துருக்கித் தெருவிசைக் கலைஞரிடம் அவரே காட்டியுள்ளார். அதனை இந்தியத் தாளத்தின் கொடை எனக் கூறுதல் பொருந்தாது. இங்கு நமக்கு முதன்மையானது வேறு. இந்தியாவின் மரபிசைக் கலைஞரைச் சந்திக்கவே வருகைதந்தோர்க்கு வாய்ப்பு அமைக்கப்பட்டது. அவர்தம் இசையையே பல்லாண்டாக வாசித்துவந்த இந்திய ஜாஸ் கலைஞர் பெரும்பாலும் அவையில் அமர்ந்து கேட்பவராகவே இருந்தார். இருநாட்டு அரசுகளும் பண்பாடு என்பதை ஒரே வகையில் பொருள் கொண்டன: இந்தியாவுக்கு இராகம், அமெரிக்காவுக்கு ஜாஸ். இரண்டுக்கும் இடையில் வாழ்ந்தோர்க்கு அப்பகுப்பில் இடமில்லை.

1963-இல் டியூக் எலிங்டனின் குழு தில்லி, சென்னை, பம்பாய், கல்கத்தா முதலிய நகரங்களுக்கு வந்தது. அவ்வாண்டு நவம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி கொல்லப்பட்டதால் பயணம் துருக்கியில் முறிந்தது. அப்பயண நினைவுகளிலிருந்து எலிங்டனும் ஸ்ட்ரேஹார்னும் ஆக்கிய தொகுப்பு 1966-இல் பதிவாகி மறு ஆண்டு வெளிவந்தது. ஆக்ராவும் தில்லியின் மைனாவும் அதில் இசையாகியுள்ளன.

5. திரையிசையில் கரைந்த கலைஞர்

உள்ளூர்க் கலைஞரின் நிலை என்னவாயிற்று என்பதை இனிக் காணலாம். போர்த்துகீசிய ஆட்சியில் இருந்த கோவாவில் திருச்சபைப் பள்ளிகள் சிறுவர்க்கு மேற்கத்திய இசைக்குறியீட்டையும் வயலினையும் கற்பித்தன. அப்பயிற்சியுடன் வேலை தேடிப் பம்பாய் வந்தோர் விடுதிக் குழுக்களில் சேர்ந்தனர். 'இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங்' எனப் போற்றப்பட்ட டிரம்பெட் கலைஞர் சிக் சாக்லேட் அவர்களுள் ஒருவர். இயற்பெயர் அந்தோனியோ சேவியர் வாஸ். பிராங்க் பெர்னான்ட், செபாஸ்தியன் டிசோசா, அந்தோனி கொன்சால்வஸ் ஆகியோரும் இம்மரபினரே.

விடுதலைக்குப் பின் விடுதி மேடை சுருங்கிற்று. ஆங்கிலேயர் வெளியேறினர்; 1949-ஆம் ஆண்டுப் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் இரவு விடுதிகளின் வருவாயைக் குறைத்தது. கலைஞர்கள் திரைப்படக் கூடங்களை நாடினர். அங்கே இசையமைப்பாளர் பாடும் மெட்டைக் குறியீட்டில் எழுதி, வயலின்களுக்கும் ஊதுகருவிகளுக்கும் பிரித்து, இடையிசை சேர்த்து முழுமையாக்குவது இவர்தம் பணி. சி. இராமச்சந்திரா இசையமைத்த 'அல்பேலா' (1951) படப்பாடல்களில் ஒலிக்கும் ஜாஸ் சாயலுக்குச் சிக் சாக்லேட்டும் காரணர்.

வானொலியில் நேரடியாக நுழையவியலாத இசை, திரைப்பாடல் என்னும் வேடம் புனைந்து நாடெங்கும் ஒலித்தது. ஆயின் வானொலி அறிவிப்பில் படத்தின் பெயரும் பாடகர், பாடலாசிரியர், இசையமைப்பாளர் பெயர்களுமே கூறப்பட்டன. இசைக்கோப்பாளரும் கருவிக் கலைஞரும் பெயரின்றி நின்றனர். கானோவர் நான்கு நிமிட உருப்படிக்கும் வாசித்தோர் அனைவர் பெயரையும் கூறிய மரபோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அந்தோனி கொன்சால்வஸின் மாணவருள் ஒருவரான பியாரேலால், இலட்சுமிகாந்துடன் இணைந்து இசையமைத்த 1977-ஆம் ஆண்டுப் படமொன்றில் பாத்திரத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அப்பாடலால் அப்பெயரை நாடே அறிந்தது. அப்பெயருக்குரிய மனிதர் ஒருவர் உண்டு என்பதை அறிந்தோர் சிலரே. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரின் பெயர் அவர்தம் மாணவர் நன்றியுணர்வால் நிலைபெற்றிருப்பதும் இங்கு நினைக்கத்தக்கது. ஒலிபரப்பு காக்காத பெயரை மாணவர் நினைவே காத்தது.

1968-இல் சங்கர் ஜெய்கிஷன் வெளியிட்ட இராக ஜாஸ் இசைத்தட்டு விதிவிலக்கானது. சித்தார்க் கலைஞர் ரயீஸ் கான், சாக்ஸபோன் கலைஞர் மனோகரி சிங் முதலியோர் அதில் திரைப்பாடலின் துணையின்றி வாசித்தனர். இத்தகைய முயற்சிகள் அரிதாகவே நிகழ்ந்தன.

கல்கத்தாவில் மேடை சற்று நீண்டகாலம் தாக்குப்பிடித்தது. பார்க் தெருவின் டிரிங்காஸ், புளூ ஃபாக்ஸ், மொகாம்போ முதலிய உணவகங்களில் 1950களிலும் 1960களிலும் நாள்தோறும் இசை நிகழ்ந்தது. பாடகி பாம் கிரெய்ன், பியானோ கலைஞர் லூயி பேங்க்ஸ் ஆகியோரின் வளர்ச்சி இம்மேடையோடு இணைந்தது. 1960களின் இறுதியில் அரசியல் கொந்தளிப்பும் கேளிக்கை வரியும் அம்மேடையையும் தளரச் செய்தன.

6. நேயர் அமைப்பாளராதல்

மேடை தளர்ந்த அக்காலத்தில் அதனை மீளக் கட்டியோர் நேயர்களே. 1950களின் தொடக்கத்திலேயே பம்பாய் ஆர்வலர் சிலர் 'புளூ ரிதம்' என்னும் ஜாஸ் இதழை நடத்தினர். அவர்களுள் நிரஞ்சன் சாவேரி குறிப்பிடத்தக்கவர். இசைத்தட்டும் சிற்றலையும் வளர்த்த செவியினர் இவர்கள். வாசிப்பதைத் தொழிலாகக் கொள்ளாத இவர்கள், கேட்பதை ஒரு பொறுப்பாகக் கருதினர்.

இம்முயற்சிகளின் முதிர்ச்சியாக 1978 பிப்ரவரியில் பம்பாயின் ரங் பவன் திறந்தவெளி அரங்கில் முதல் ஜாஸ் யாத்ரா நடைபெற்றது. அமெரிக்கச் சாக்ஸபோன் மேதை சோனி ராலின்ஸ் அதில் பங்கேற்றார். 1960களின் இறுதியில் பம்பாயின் பொவாய்ப் பகுதி ஆசிரமத்தில் தங்கி யோகம் பயின்ற அவர், இம்முறை கருவியுடன் வந்தார். அயல்நாட்டுக் குழுக்களோடு இந்தியக் குழுக்களும் அதே மேடையில் ஏறின என்பதே இவ்விழாவின் சிறப்பு. 1958-இல் அவையில் இருந்தோர் 1978-இல் மேடையில் நின்றனர். கருநாடக இசைக் கலைஞர்க்கும் இம்மேடைவழி உலகத் தொடர்பு விரிந்தது. பெங்களூரைச் சேர்ந்த பாடகி ஆர். ஏ. இரமாமணியும் கருநாடகத் தாளவாத்தியக் கல்லூரிக் குழுவினரும் சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோவுடன் இணைந்து 1983-இல் வெளியிட்ட இசைத்தட்டு அக்காலத்து ஊடாட்டத்தின் விளைவாகும்.

ரங் பவனின் பிற்கால வரலாறும் கருதத்தக்கது. அருகில் மருத்துவமனையும் கல்லூரியும் இருந்தமையால், 2000-ஆம் ஆண்டு ஒலிமாசு விதிகளை அடுத்து அப்பகுதி அமைதி மண்டலமாகக் கொள்ளப்பட்டது. அங்கு இசைவிழாக்கள் நின்றன. நோயாளரின் அமைதி தேவையானதே. ஆயினும் மாற்று மேடை உடன் அமையாதபோது ஒரு நகரம் தன் செவிப்பழக்கத்தை இழக்கின்றது.

7. எஞ்சிய பெயர்களும் எஞ்சாத ஒலிகளும்

1988 ஆகஸ்டு 15 முதல் தூர்தர்சனில் ஒளிபரப்பான தேசிய ஒருமைப்பாட்டுப் பாடலைக் கேளாத இந்தியர் அரியர். தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் அமைந்த அதன் இசைக்கோப்பில் முதன்மைப் பங்காற்றியவர் லூயி பேங்க்ஸ். பார்க் தெருவின் ஜாஸ் பியானோ கலைஞர் நாட்டின் பொது ஒலிக்கு வடிவம் தந்தார் என்பது, அவர்தம் மரபு அயலானதன்று என்பதற்குப் போதிய சான்று. எனினும் அப்பாடலை அறிந்தோருள் அவர் பெயரை அறிந்தோர் எத்தனை பேர்?

ஆல் இந்தியா ரேடியோ 2003 முதல் தன் ஆவணக்களஞ்சியத்திலிருந்து வெளியிட்ட ஒலித்தொகுப்புகள் மரபிசை ஆய்வுக்குப் பெருங்கொடையாகும். மறைந்த மேதைகளின் கச்சேரிகளை இன்று கேட்க முடிகின்றது. அத்தொகுப்புகளில் இந்துஸ்தானி, கருநாடக இசையே பெரும்பங்கு பெறுவது இயல்பே. ஆனால் அதே நகரங்களில் அதே ஆண்டுகளில் இயங்கிய ஜாஸ் குழுக்களைக் கேட்க விரும்பும் ஆய்வாளர்க்கு அத்தகைய வழி இல்லை. விடுதி விளம்பரம், குடும்பப் புகைப்படம், முதியோர் நேர்காணல், திரைப்பாடலின் இடையிசை ஆகியவற்றிலிருந்தே அவர் வரலாற்றை மீட்கவேண்டும். பம்பாய் ஜாஸின் காலத்தை ஆராய்ந்து நரேஷ் பெர்னாண்டஸ் 2012-இல் வெளியிட்ட நூல் இவ்வகைச் சான்றுகளை அரிதின் முயன்று தொகுத்தது. எழுத்தில் மீண்டவை பல. ஒலியில் மீண்டவை சில.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் கருத்துகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

இந்தியாவில் ஜாஸ் இசைக்கு மேடை 1930களிலேயே அமைந்தது. அம்மேடையை ஊருக்கு அறிமுகப்படுத்தும் ஒலிபரப்பு உடன் அமையவில்லை. விடுதலைக்குப் பிந்திய வானொலிக் கொள்கை மரபிசையைக் காத்தது. ஜாஸை 'மேற்கத்திய இசை' என்னும் தலைப்பில் நிறுத்தியதால் அதனை வாசித்த இந்தியர் வகைப்பெயர் அற்றவராயினர். சிற்றலை நல்ல நேயரை உருவாக்கியது. உள்ளூர்க் கலைஞரை அந்நேயரோடு இணைக்க அதனால் இயலவில்லை. கலைஞர் திரையிசையில் வாழ்வு பெற்றனர், பெயரை இழந்தனர். இப்பிளவைச் சரிசெய்ய முயன்றோர் அரசினரல்லர். கேட்டுப் பழகிய நேயரே.

1995-இல் உச்ச நீதிமன்றம் அலைக்கற்றை பொதுமக்கள் உடைமை எனத் தீர்ப்பளித்தது. 2004-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் சமுதாய வானொலி தொடங்கிற்று. 2006-இல் தன்னார்வ அமைப்புகளுக்கும் அவ்வுரிமை விரிந்தது. சிறுபரப்புக்குள் ஒலிக்கும் இத்தகைய நிலையங்கள், தம் ஊர் மேடையில் நிகழ்வதைப் பெயர் சொல்லி அறிவிக்கவும் பதிந்து வைக்கவும் வல்லவை. பறையாயினும் நாதசுரமாயினும் தேவாலயப் பாடகர் குழுவாயினும் தெருக்கூத்தாயினும், தேசியச் சட்டகத்தில் எளிதில் அடங்காத கலை எதற்கும் ஜாஸுக்கு நேர்ந்தது நேரலாம். வாசித்தவர் பெயரை, ஊரை, நாளைக் கூறிவிட்டு இசையை ஒலிக்கவிடுதல் சிறு செயலே. கானோவர் அதனை நாற்பதாண்டு செய்தார். நம் நகரத்துக் கலைஞர்க்கு அதனைச் செய்வார் அன்று இருந்திருப்பின், இக்கட்டுரை இத்துணை இடைவெளிகளோடு எழுதப்பட வேண்டியிருந்திராது.